மாமாவின் மேசை விளக்குக்கு ஒரு சுங்குடி ஷேடு

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள விசாலம்,

நலம், நலமறிய ஆவல். உன்னுடைய முந்தைய கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். வீடு மாறினோம்; மூட்டை பிரிப்பதும், கேஸ் இணைப்பை மாற்றுவதும், தண்ணீர் வரும் நேரத்துக்குப் பழகுவதுமாகப் பொழுது போய்விட்டது. இவருக்கு முழங்கால் வலி தேவலை. பெண்ணுக்குத் தேர்வு முடிந்துவிட்டது. ராஜியின் மகன் கல்யாணத்துக்கு நாங்கள் வருவது உறுதி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று வந்த கடிதத்தின் கடைசியில், விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதென்று மாமா மேசை விளக்கின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் படுக்கிறார் என்று பேச்சோடு பேச்சாக எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. உடனே தொலைபேசியில் கூப்பிட்டுத் துண்டை எடுக்கச் சொல்லிவிட்டேன் என்றாலும், காரணத்தைச் சொல்லாமல் சொன்னால் மாமா கேட்க மாட்டார் என்பது நமக்குத் தெரியாததா? இதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டு.

அவர் விடாப்பிடியாக வைத்திருப்பது பழைய 60 வாட் குண்டு பல்பு. அது இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாக மாறுவதில்லை; மீதியெல்லாம் சூடுதான். திறந்திருக்கும்வரை அந்தச் சூடு காற்றோடு போய்விடும். துணியைப் போட்டு மூடினால் போக வழியில்லாமல் உள்ளேயே ஏறும்; துணி முதலில் பழுப்பாகும், அதற்கு மேல் நடக்கக்கூடியதை எழுத எனக்குக் கை வரவில்லை. தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளும் மனிதரின் தலைமாட்டில் இது கூடவே கூடாது. நாளைக்கே 5 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை வாங்கி மாட்டு. 9 வாட் எல்.இ.டி.யே பழைய 60 வாட்டுக்கு ஈடான வெளிச்சம் தரும் என்பதால், ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்க 5 வாட் தாராளம். பெட்டியின் மேல், வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. 6500 என்றிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை. மாமாவின் கண் கூச்சம் அதில் இன்னும் கூடும்.

பல்பை மாற்றினால் மட்டும் போதாது, வெளிச்சம் நேராகக் கண்ணில் படாதபடி நல்ல ஷேடும் வேண்டும். கடையில் வாங்கலாமே என்பாய். இங்கே ஒரு கடையில் பூப்போட்ட ஷேடு ஒன்றுக்கு 3,800 ரூபாய் சொன்னார்கள். துணியைத் தொட்டுப் பார்த்தேன், சாதாரணப் பருத்தி. நான் சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி, கிராபர்ட் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லோகார் சாலுக்குப் போய், வேலைப்பாடு எதுவுமில்லாத வெள்ளை ஷேடுகளை வாங்கி வந்து வீட்டிலேயே அலங்கரித்தேன். ஒரு ஷேடுக்கு எல்லாம் சேர்த்து 400 ரூபாயைத் தாண்டவில்லை. கூடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா தனக்கும் ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறார்.

விசாலம், இந்த வேலையில் ஒன்றை மட்டும் நீ மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஷேடை விளக்கு எரியும்போது பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பகலில் மேசை மேல் அழகாகத் தெரிவது, விளக்கைப் போட்டதும் வேறொன்றாகிவிடும். வெளிச்சம் துணியை ஊடுருவி வரும்போது நெசவு தெரியும், மடிப்பு தெரியும், பசை திட்டுத் திட்டாக நின்ற இடம் தெரியும். ஜரிகை பகலில் மின்னும்; பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் கறுப்புக் கோடாக நிற்கும். ஆகவே எந்தத் துணியாக இருந்தாலும் வெட்டுவதற்கு முன்னால் எரியும் விளக்குக்கு முன் ஒரு கை தள்ளிப் பிடித்துப் பார்த்துவிடு. ஜரிகைக் கரை ஆசையாக இருந்தால் அதை அடி விளிம்பில் மட்டும் ஒட்டு. அங்கே கறுப்பாகத் தெரிந்தாலும் விளிம்பு கட்டியதைப் போல ஒழுங்காக இருக்கும்.

நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வந்து, அடுத்த நவராத்திரிக்கு அடுத்தவர் வீட்டுக்குப் போகும் ரவிக்கைத் துணிகள் உன் பீரோவில் எத்தனை கிடக்கும்! அவற்றுக்கு இதைவிட நல்ல கதி கிடையாது. 25 செ.மீ. விட்டமுள்ள நேர் உருளை ஷேடின் சுற்றளவு 78.5 செ.மீ.; ஒட்டுக்கு ஒன்றரை செ.மீ. சேர்த்தால் சரியாக 80, அதாவது ஒரு ரவிக்கைத் துணியின் நீளம். அகலத்தில் மூன்று ஷேடுக்குக்கூடக் காணும். ஆனால் மாமாவுக்கு ரவிக்கைத் துணி வேண்டாம். உன் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளை நீ இன்னும் எடுத்து வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவதால், கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் நின்றதுதானே அந்தப் புள்ளி? விளக்கின் முன்னால் பிடித்தால் அந்தப் புள்ளிகள் மட்டும் தனியாகச் சுடர்விடும். ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகளவு சாயம் தெரியும். என்னிடமிருந்த கடுகு மஞ்சள் சுங்குடித் துண்டை இப்படிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அன்று முழுதும் வேறு வேலை செய்ய எனக்கு மனம் வரவில்லை. அச்சில் புள்ளி குத்திய துணியில் இந்த அழகு வராது. கைமுடிச்சுத்தான் வேண்டும். மதுரைச் சுங்குடிக்கு 2005ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்றாலும், நம் வீடுகளில் அது பாத்திரத் துணியாகத்தான் கிழிகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அரக்கும் கருநீலமும் வேண்டாம். அவை வெளிச்சத்தை விழுங்கிவிடும். அரக்கு, சுவரையெல்லாம் சிவப்பாக்கிவிடும். மஞ்சள், வெளிர்ப் பச்சை, காவி இருந்தால் எடு. கஞ்சி போகத் துவைத்து இஸ்திரி போட்டுவிடு. ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, துணியில் தடவாமல் ஷேடில் மெல்லிசாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிக்கொண்டே போ. மைதாப் பசை காய்ச்சிவிடாதே; அதற்குப் பூச்சி வரும், இங்கே மழைக்காலத்தில் பூஞ்சையும் பூக்கும். ஒட்டுச் சேரும் இடம், ஷேடிலேயே இருக்கும் ஒட்டின் மேல் வரட்டும். இதை மாகிமில் கந்தில் என்னும் காகித விளக்குகளைக் கட்டுகிறவர்களின் சந்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தீபாவளிக்கு முன்னால் அந்தச் சந்து முழுக்க அவை தொங்கும். காகிதம் சேரும் இடத்தை மூங்கில் குச்சியின் மேலேயே ஒட்டுகிறார்கள், எரியும்போது ஒட்டு கண்ணுக்கே தெரிவதில்லை.

உன் மருமகளுக்கு ஆசையிருந்தால் அவளைக் காகித ஷேடு செய்யச் சொல். கெட்டியான வரைபடத் தாளில் புள்ளிக் கோலத்தைப் பென்சிலால் போட்டு, அடியில் மடித்த போர்வையை வைத்து, கோடு போகும் வழியெல்லாம் கோணி ஊசியால் துளையிட வேண்டும். துளைகள் நெருங்கினால் தாள் கிழிந்துவிடும். ஒரு நெல் அளவு இடைவெளி விடச் சொல். சுருட்டுவதற்கு முன்பே துளையிட்டுவிட வேண்டும். பகலில் வெறும் வெள்ளைத் தாள், ராத்திரி அதில் கோலம் எழும். அவளுக்குப் பொறுமை உண்டு, செய்துவிடுவாள். ராஜியிடம் மட்டும் கத்திரிக்கோலைக் கொடுத்துவிடாதே. வெட்டிவிட்டு அளக்கும் பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை என்று உனக்குத் தெரியும்.

எந்த ஷேடாக இருந்தாலும் மேலும் கீழும் திறந்தே இருக்க வேண்டும். எல்.இ.டி.க்கும் அடிப்பாகம் சுடும், அந்தச் சூடு வெளியே போக வழி வேண்டும். துணியோ, விளிம்பில் தைக்கும் குஞ்சமோ பல்பைத் தொடக் கூடாது. ஷேடில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடு, சுவிட்சை அணைத்தால் போதுமென்று இருந்துவிடாதே.

மாமாவின் விளக்கில் இருப்பது நேர் உருளையா, மேலே குறுகியதா என்று எனக்கு நினைவில்லை. குறுகியதென்றால் துணி வளைவாக வெட்டப்பட வேண்டும். ஷேடை அதன் ஒட்டிலிருந்து தொடங்கிச் செய்தித்தாள் மேல் ஒரு முழுச் சுற்று உருட்டிக்கொண்டே மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பென்சிலால் வரைந்துகொள், அதுவே வார்ப்பு. பழைய ஷேடு கிழிந்து போயிருந்தால் மேல் விட்டம், கீழ் விட்டம், உயரம் மூன்றையும் அளந்து எழுது. லோகார் சாலில் புதியதை வாங்கிக் கல்யாணத்துக்கு வரும்போது கொண்டு வருகிறேன். சுங்குடியை நீ துவைத்து வை, நான் வந்த பிறகு சேர்ந்து ஒட்டலாம்.

மாமாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
கோமதி