உதவித்தொகையோடு விடுப்பும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். பத்தாம் வகுப்போடு வேலைக்கு வந்தவள். எங்களைப் போன்றவர்கள் மழலையர் கல்வி டிப்ளமோ படிக்க அரசு உதவித்தொகை தருவது பற்றித்தான் எழுதுகிறேன். மழலையர் கல்வியில் பிளஸ் டூ முடித்த பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஓராண்டு டிப்ளமோ என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை, அது தனி விஷயம். ஆனால் மழலையர் கல்வியை முறையாகப் படிக்க எங்களில் பலருக்கும் ஆசைதான்.

இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இதற்கென்றே தொலைநிலை டிப்ளமோ உண்டு. சரி, பணத்துக்கு எங்கே போவது? எங்களுக்குத் தரும் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவது சொற்பம். கட்டணத்தை முதலில் நாங்கள் கட்டி, ரசீது காட்டிப் பிறகு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு என்றால் பாதிப் பேர் விண்ணப்பிக்கவே மாட்டார்கள்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் நேரம். காலையில் மையத்தைத் திறந்து, பாட்டு, கதை, எடை பார்ப்பது, சத்துமாவுக் கணக்கு என்று எல்லாம் முடித்து, ஊட்டச்சத்து விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியிலும் பதிவேற்ற வேண்டும். உதவியாளர் பணியிடம் காலி என்றால் சமையலும் நம் தலையில்தான். தேர்வு நாளில் மையத்தை யார் பார்ப்பது?

அதனால் அரசு உதவித்தொகை அறிவித்தால், கட்டணத்தை நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கே செலுத்தட்டும். தேர்வு நாட்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பும், மாற்றுப் பணியாளரும் தரட்டும். டிப்ளமோ முடித்தவருக்கு ஒரு ஊதிய உயர்வும் சேர்த்து அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
திருவண்ணாமலை மாவட்டம்.