பெயின்ட் அடியுங்கள், தகட்டை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரைண்டர் பற்றி எழுதுகிறேன், மாவாட்டும் கிரைண்டர் இல்லை. என் மனைவியும் முதலில் அப்படித்தான் நினைத்தார். "வீட்டில் ஒன்று இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். நான் சொல்வது பட்டறையில் மேசைமேல் போல்ட் போட்டு நிறுத்துவார்களே, நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் சாணைக்கல், அந்த பெஞ்ச் கிரைண்டர். கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சுங்கை ரோடு சந்தை இருந்த வரைக்கும் இந்த மாதிரிச் சாமான்களைத் தூக்கிப் பார்த்து, அச்சைக் கையால் சுற்றிப் பார்த்து, பேரம் பேசி வாங்குவோம். 2017 ஜூலையில் அதை மூடினார்கள், அப்புறம் எல்லாம் கைப்பேசியில் படம் பார்த்து வாங்குவதுதான். அப்படிப் போன மாதம் 40 வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன். "8 அங்குலம், நன்றாக ஓடும்" என்று போட்டிருந்தார் விற்றவர். நன்றாகத்தான் ஓடியது, பிரச்சினையே அதுதான்.

பளபளவென்று நீலப் பெயின்ட். பெயர்த்தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு மட்டும் தெரிந்தது. சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும் என்று, பெயின்ட் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து ஒற்றி ஒற்றி, பழைய பல் பிரஷால் தேய்த்ததில் ஒரு மணி நேரம் கழித்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. வுல்ஃப் கம்பெனி, லண்டன் டபிள்யூ 5. கல் 6 அங்குலம். 230/250 வோல்ட், ஒரு ஃபேஸ், 50 சைக்கிள், நிமிடத்துக்கு 2,850 சுற்று.

இந்த நாலு வரியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். இன்று ஹெர்ட்ஸ் என்று போடுவதை அந்தக் காலத்தில் சைக்கிள் என்றுதான் போடுவார்கள். லண்டன் முகவரியில் டபிள்யூ 5 என்பதோடு நிற்கிறது, முழு அஞ்சல் குறியீடு இல்லை, அது பிரிட்டன் முழுவதும் வந்து முடிந்தது 1974ல். ஆக இயந்திரத்துக்கு ஐம்பது வயதுக்கு மேலே. நட்டும் அதையேதான் சொன்னது. மில்லிமீட்டர் ஸ்பேனரும் பிடிக்கவில்லை, அமெரிக்க அங்குல ஸ்பேனரும் பிடிக்கவில்லை, என்னிடம் மிச்சமிருந்த, பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர்தான் கச்சிதமாக உட்கார்ந்தது. அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க நட்டில் 13. பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், மாற்றி முறுக்கினால் இரண்டும் வீண். அதோடு இடது பக்க நட்டுக்கு மரை எதிர்ப்பக்கம், கல் சுற்றுகிற சுற்றில் நட்டு கழன்றுவிடக் கூடாது என்பதற்காக. முன்பு யாரோ இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் தவறான பக்கம் திருகியிருக்கிறார், நட்டின் மூலையெல்லாம் மழுங்கிக் கிடந்தது.

ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த 6 அங்குலம்தான். மாட்டியிருந்தது 8 அங்குலக் கல்! அது கவசத்துக்குள் நுழையாது என்று ஒரு பக்கக் கவசத்தையே கழற்றி எறிந்திருக்கிறார்கள். விளிம்பு நொடிக்கு 23 மீட்டர் ஓட வேண்டிய இடத்தில் 30 மீட்டர் ஓடும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில் சொன்னால் பிஐஇ விரைவுச்சாலையில் கார் ஓட்ட அனுமதிக்கும் வேகத்தை விட அதிகம், அதுவும் முகத்துக்கு முன்னால், கவசம் இல்லாமல். பிளக்கைப் பிரித்தால் இன்னொரு கூத்து, ஒயரை மாற்றியவர் இரட்டை ஒயராகப் போட்டு எர்த்தை விட்டுவிட்டார். முழுக்க இரும்பு உடம்பு ஐயா இது.

மற்ற வேலை பெரிதில்லை. பேரிங்கின் முகத்தில் 6203 என்று அடித்திருந்தது, ஜாலான் புசார் பக்கம் கடையில் அந்த எண்ணைச் சொன்னாலே எடுத்துத் தந்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கல்தூள் புகுந்து அரித்துவிடும். மூன்று ஒயர் போட்டு, மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் கசிவு பார்த்தேன், நன்றாகவே இருந்தது. கவசம் ஒன்று தகட்டில் வெட்டிச் செய்துகொண்டேன்.

கல் விஷயத்தில் மட்டும் அவசரமே கூடாது. புதிதாக வாங்கினாலும், பொங்கலுக்குத் தேக்காவில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே மாதிரி கல்லை விரலில் தொங்கவிட்டு ஸ்குரூடிரைவரின் மரப்பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். டிங் என்றால் சரி. டொக் என்றால் உள்ளே விரிசல், குப்பைக்குத்தான். கல்லில் போட்டிருக்கும் உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறைவாக இருக்கக் கூடாது. மாட்டிய பிறகு முதல் ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஓடவிடுங்கள். பொருளை வைக்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டர் போதும், கூடினால் சின்னப் பொருள் உள்ளே இழுபட்டு விரலும் கூடவே போகும்.

இப்போது மனைவியின் அரிவாள்மனையைத் தீட்டித் தந்தாயிற்று, தொட்டுத் தொட்டுத் தண்ணீரில் நனைத்துத்தான். சூடேறி விளிம்பு நீலமானால் பதம் போய்விடும். அதற்குப் பிறகு கிரைண்டரைப் பற்றி வீட்டில் பேச்சு வார்த்தை சுமுகமாக இருக்கிறது.

பழைய சாமான் விற்பவர்களுக்கும் வீடு வீடாக வந்து பழைய சாமான் எடுக்கும் காராங்குனியிடம் போடுபவர்களுக்கும் நான் கேட்பது இதுதான். பெயின்ட் அடிப்பதென்றால் தாராளமாக அடியுங்கள், தகட்டின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். வாங்குபவர்களும் படத்தில் தகடு தெரியாவிட்டால் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். அடிப்பாகத்தில் காக்கைக் கால் மாதிரி ஒரு அம்புக்குறி வெட்டியிருக்கிறது, அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்குப் போடும் அடையாளம். செம்பவாங் கடற்படைத் தளத்துக் கப்பல்துறை 1968ல் கைமாறியபோது வெளியே வந்த சாமானோ என்று எனக்கொரு சந்தேகம். அம்புக்குப் பக்கத்தில் 47 என்று வெள்ளைப் பெயின்டில் எழுதி அழிந்திருக்கிறது. அந்தத் தளத்துப் பட்டறைகளில் வேலை பார்த்த பெரியவர்கள், அல்லது அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள், உங்கள் வாசகர்களில் நிச்சயம் இருப்பார்கள். அங்கே இயந்திரங்களுக்கு இப்படி எண் போடுவது வழக்கமா, எந்தப் பட்டறையில் என்று தெரிந்தால் இதே பகுதிக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
ஈசூன்