அந்த 0-0இல் ஒரு கோல்கீப்பர் இருந்தார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் நெதர்லாந்தின் கால்பந்து வீரர் யோஹன் கிரைஃப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். 1974 ஜூன் 19, ஜெர்மனியின் டார்ட்மண்ட் மைதானம், உலகக் கோப்பையில் சுவீடனுக்கு எதிரான ஆட்டம். கோல் முன்னால் நிற்பவர்களுக்குப் பந்தைக் கிராஸ் அடிக்கப்போவதுபோல் காலை வீசி, பந்தை உள்பாதத்தால் பின்னுக்கு இழுத்து அவர் திரும்பியதையும், சுவீடனின் யான் ஓல்சன் ஏமாந்து நின்றதையும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்டம் எப்படி முடிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. 0-0.

அந்த உலகக் கோப்பையில் நெதர்லாந்து ஏழு ஆட்டங்களில் 15 கோல் போட்டது. அர்ஜென்டினாவுக்கு எதிராக நான்கு, பிரேசிலுக்கு எதிராக இரண்டு. அவர்களால் ஒரு கோல்கூடப் போட முடியாத ஒரே அணி சுவீடன். அன்று கம்பங்களுக்கு நடுவே நின்றவர் ரோனி ஹெல்ஸ்ட்ரோம். சுவீடனின் முதல் மூன்று ஆட்டங்களிலும் அவர் ஒரு கோல்கூட விடவில்லை.

நான் எங்கள் பகுதி அணிக்குப் பன்னிரண்டு வருடம் கோல்கீப்பராக நின்றவன். ஒருமுறை சாதாரணமாக உருண்டு வந்த பந்தைக் காலிடுக்கில் விட்டுவிட்டேன். வீடு வந்து சேரும்வரை கூட வந்த யாரும் என்னோடு பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் ஹெல்ஸ்ட்ரோமின் 1970ஐ நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. மெக்சிகோவில் இத்தாலிக்கு எதிரான முதல் ஆட்டம். அவருக்கு வயது 21. டொமெங்கினி அடித்த பந்து, பிடித்திருக்க வேண்டிய பந்து, அவரைத் தாண்டி நழுவி உள்ளே போனது. சுவீடன் 0-1 எனத் தோற்றது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் அவருக்கு இடமில்லை. உலகமே பார்த்த தவறுக்குப் பிறகு மறுபடி கையுறை மாட்ட எவ்வளவு மனத்திடம் வேண்டும்! மறு ஆண்டே சுவீடனின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது அவருக்குக் கிடைத்தது. 1978இல் இன்னொரு முறையும் வாங்கினார்.

ஸ்டாக்ஹோமின் ஹம்மார்பி அணியிலிருந்து 1974இல் ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் அணிக்குப் போனார். பத்து ஆண்டுகள் அங்கேயே இருந்தார். ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டஸ்லிகாவில் 266 ஆட்டங்கள். அந்தப் பத்தாண்டில் கிளப் ஒரு பெரிய கோப்பையும் வெல்லவில்லை. ஆனாலும் பெட்சன்பெர்க் குன்றின் மேலிருந்த அந்த மைதானத்துக்கு வந்த ரசிகர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். கோப்பையைக் காட்டி வாங்கிய பிரியம் அல்ல அது. 1982இல் அங்கே கைசர்ஸ்லாட்டர்ன் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று தோற்கடித்த இரவை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

2022 பிப்ரவரியில், 72 வயதில் அவர் காலமானார். நம் பத்திரிகைகளில் இரங்கல் குறிப்பு ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

கிரைஃபின் திருப்பத்தைப் பற்றி நிச்சயம் மறுபடியும் எழுதுவீர்கள், எழுதவும் வேண்டும். அப்போது ஸ்கோரையும் போடுங்கள். பக்கத்தில் ஹெல்ஸ்ட்ரோம் பெயரும் வரட்டும்.

தங்கள் வாசகர்,
வியாசர்பாடி, சென்னை