குழந்தையைப் பார்க்கும் டாக்டர் அப்பாவிடமும் பேச வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிகரெட்டை விடச் சொல்லி எழுதுகிறவர்கள் இதயம், நுரையீரல், புற்றுநோய் என்று புகைப்பவரின் உடம்பைப் பற்றியே எழுதுகிறார்கள். பதினாறு வருடம் புகைத்தவன் நான், அதெல்லாம் எனக்கும் தெரியும், தெரிந்தும் எனக்காக ஒரு நாள்கூட டாக்டரிடம் போனதில்லை. ஆனால் மகளுக்காகப் போனேன். தடுப்பூசி, சளி, காதுவலி, வீசிங் என்று முதல் மூன்று வருடத்தில் எத்தனை தடவை போனோம் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஒவ்வொரு தடவையும் "வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பீர்களா?" என்று கேட்பார்கள். "வெளியே நின்றுதான் டாக்டர்" என்பேன். "சரி, குழந்தை பக்கத்தில் வேண்டாம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. என் மனைவி என் பக்கம் திரும்பவே மாட்டாள், மகள் முகத்தில் மாட்டியிருந்த நெபுலைசர் மாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று ராத்திரி அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே நான் இரண்டு சிகரெட் கூடுதலாகப் பிடிப்பேன்.

வெளியே நின்று பிடித்தால் பிரச்சினை இல்லை என்று உண்மையாகவே நம்பினேன். புகை போனாலும் அதன் நிகோட்டினும் மற்ற ரசாயனங்களும் சட்டையிலும் முடியிலும் விரலிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுகின்றன, அந்தச் சட்டையில்தான் குழந்தை முகம் புதைத்துத் தூங்குகிறது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் ஃபேன் போட்டாலும் வீட்டுக்குள் புகைத்த புகை முழுதாகப் போகாது. பிறர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006-லேயே அறிக்கை கொடுத்துவிட்டார். காதில் சீழ், ஆஸ்துமா, நெஞ்சுச்சளி, தூக்கத்திலேயே சிசு இறந்துபோவது எல்லாவற்றுக்கும் இந்தப் புகையோடு தொடர்பு உண்டு.

என்னை மாற்றியது ஒரு நர்ஸ் கேட்ட வேறு மாதிரியான கேள்வி. "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?" பல் தேய்ப்பதற்கு முன்பே என்றேன். அவர் திட்டவில்லை. சிகரெட் ஏக்கத்தை அடக்க மெல்லும் நிகோட்டின் கம் பற்றிச் சொன்னார்; அரை மணி நேரத்துக்குள் பற்றவைக்கிறவர்களுக்கு அதில் 2 மில்லிகிராம் போதாது, 4 மில்லிகிராம்தான் சரி என்று சொல்லி, மெல்லும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தார். மெதுவாக மெல்ல வேண்டும், காரம் மாதிரி சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும், அது அடங்கியதும் திரும்ப மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி குடிக்கக் கூடாது. அதற்கு முன் ஒரு தடவை நானே வாங்கிச் சாதாரண சூயிங் கம் மாதிரி மென்று, விக்கல் வந்து, இது நமக்கு ஒத்துவராது என்று தூக்கிப்போட்டவன்தான் நான். இப்போது விட்டு பதினான்கு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு தடவை சறுக்கினேன், மறுபடி அவரிடமே போனேன்.

இது ஒரு நர்ஸின் நல்ல மனசோடு நின்றுவிடக் கூடாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு இதையே ஒரு முறையாக வகுத்திருக்கிறது: பெற்றோரைக் கேட்பது, அங்கேயே மருந்துக்கு வழி செய்வது, தொலைபேசி ஆலோசனைக்கு அனுப்புவது. 2013-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இந்த முறையைப் பின்பற்றிய குழந்தை மருத்துவ மையங்களில் புகைக்கும் பெற்றோர் 100 பேரில் 42 பேருக்கு உருப்படியான உதவி கிடைத்தது. வழக்கம்போல் நடந்த மையங்களில் 4 பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. டாக்டருக்கு நேரமில்லை என்பார்கள், நியாயம்தான், அதனால்தான் காத்திருக்கும்போதே ஒரு தாளில் கேட்டுவிடலாம், மீதியை நர்ஸ் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், அம்மாக்களை மறந்துவிட வேண்டாம். கர்ப்ப காலத்தில் விட்டுவிட்டு, பிரசவத்துக்குப் பிறகு தூக்கமில்லாத ராத்திரிகளில் மறுபடி தொடங்குகிறவர்கள் நிறைய. அவர்களைக் கணவர், மாமியார் முன்னால் வைத்துக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். தனியாகக் கேட்க வேண்டும்.

குழந்தை மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். எடை, உயரம் எழுதும் அந்தச் சீட்டில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: "சிகரெட்டை நிறுத்த உங்களுக்கு உதவி வேண்டுமா?" வேண்டும் என்று டிக் அடித்தவரை வெறும் கையோடு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்