மழைக்கு முன் மலைப்பாதைகளைச் செப்பனிட நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். மலைக்காட்டின் ஒற்றையடிப் பாதைகளில் ஓடுபவர்களும் நடப்பவர்களும் சேர்ந்து அமைத்திருக்கும் பாதைப் பராமரிப்புக் குழுவின் சார்பில் இதை எழுதுகிறோம். அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் மூன்று பாதைகளைச் செப்பனிட வேண்டும். அதற்கு உங்கள் பண உதவி தேவை. கை நீட்டுவதற்கு முன், அந்தப் பணம் மண்ணில் என்ன வேலை செய்யப்போகிறது என்பதை விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

ஓட்டப் போட்டி நடத்துவதற்குப் பணம் கிடைக்கிறது. தொடக்கக் கோட்டில் அலங்கார வளைவு, மார்பில் எண் அட்டை, முடித்தவர் கழுத்தில் பதக்கம் என்று கண்ணில் படும் செலவுகளுக்குப் புரவலர்கள் முன்வருகிறார்கள். போட்டி முடிந்த மறுநாளிலிருந்து அந்தப் பாதையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. நன்றாக அமைந்த வடிகாலின் மேல் ஓடிப்போகிறவர் அப்படி ஒன்று இருப்பதையே கவனிக்க மாட்டார். பாதை எத்தனை ஆண்டு தாங்கும் என்பதோ முழுக்க முழுக்க அந்த வடிகாலைப் பொறுத்தது. எங்கள் வேண்டுகோளின் மையம் இதுதான்: போட்டிக்குக் கொடுப்பதுபோலப் பாதைக்கும் கொடுங்கள்.

முகட்டுக்கு ஏறும் பாதையின் நிலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அதன் நடுப்பகுதி சரிவில் நேர்க்கோடாக இறங்குகிறது. ஒவ்வொரு மழையிலும் நீர் அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு பாய்ந்ததால் மேல்மண் முழுவதும் போய், முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. பள்ளத்தின் குறுக்கே மரவேர்கள் இழுத்துக் கட்டிய கயிறுகளைப்போல நிற்கின்றன. மழை நாளில் அவற்றின் மேல் கால் வைத்தால் வழுக்கும். முன்பாதம் வேருக்கு அடியில் நுழைந்துவிட்டால் கணுக்கால் பிசகும். இதற்கு அஞ்சி, ஓடுபவர்கள் பள்ளத்தை விட்டுப் பக்கத்துப் புல்லில் இறங்குகிறார்கள். சில மாதங்களில் புல் தேய்ந்து அங்கே இரண்டாவது தடம் விழுகிறது. அதுவும் அரிக்கப்பட்டதும் அதற்கு அப்பால் மூன்றாவது தடம். ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டிய பாதை, ஒரு வண்டி போகும் அகலத்துக்குக் காட்டைத் தின்றுவிட்டது.

ஓடியவர்களை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. பாதை போட்ட விதத்திலேயே கோளாறு இருக்கிறது. மலைப்பாதை அமைப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் ஒரு விதி உண்டு: பாதையின் ஏற்றம், அது கடந்து செல்லும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 16 சதவீதம் (நூறு அடி தூரத்துக்குப் பதினாறு அடி ஏற்றம்) என்றால் பாதை 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பாதை முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் நின்றால் பெரும்பாலான மண் வகைகள் தாங்கும். இதை மீறிய இடத்தில், மேலிருந்து வரும் நீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போகாமல், பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்கிறது.

அளவாக ஏறும் பாதைக்கும் ஆண்டுதோறும் கைவேலை உண்டு. தளம் கீழ்ச்சரிவுப் பக்கமாக லேசாக, ஏறத்தாழ 5 சதவீதம், சாய்ந்திருந்தால்தான் நீர் வழிந்தோடும். நாளடைவில் கால்கள் பட்டு நடுப்பகுதி அமுங்கி, வெளி விளிம்பில் மண் திட்டு எழும்புகிறது. இரண்டு விரல் உயரத் திட்டு போதும். நீர் வெளியேற வழியில்லாமல் பாதையோடே ஓடத் தொடங்கிவிடும். மண்வெட்டியால் அந்தத் திட்டை வழித்து எடுத்து, தளத்துக்குப் பழைய சாய்வைக் கொடுப்பதுதான் எங்கள் குழு மிக அதிக நேரம் செய்யும் வேலை. நீண்ட இறக்கங்களில் இடையிடையே பாதையைச் சில அடி மேலே ஏற்றி மீண்டும் இறக்குவதும் உண்டு. வரும் நீர், ஏற்றம் தொடங்கும் அந்தத் தாழ்விலேயே வெளியேறிவிடும். ஓடுபவருக்கும் மூச்சு வாங்க ஓர் இடம் கிடைக்கும்.

இந்த ஆண்டு முகட்டுப் பாதையின் நேர் இறக்கத்தை அடைத்துவிட்டு, சரிவின் குறுக்காக இரண்டு கொண்டை ஊசி வளைவுகளுடன் புதிய தடம் வெட்டப்போகிறோம். பழைய பள்ளத்தில் குறுக்கே கல்லடுக்கி, கிளைகளையும் சருகையும் நிரப்பினால் அரித்துவரும் மண் அங்கேயே தங்கும். அதில் செடி முளைக்கும். இதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். பழைய தடத்தை அடைக்காமல் புதியதை வெட்டினால், குறுக்கு வழியாக அதை எல்லோரும் பயன்படுத்திக்கொண்டே இருப்பார்கள். செலவும் வீண், காட்டுக்கும் இருமடங்கு சேதம்.

அந்தச் சரிவில் இயந்திரம் ஏறாது. கடப்பாரை, மண்வெட்டி, சம்மட்டி, அரிவாள் ஆகியவற்றோடு நடந்துதான் போக வேண்டும். வேர் நிறைந்த மண்ணுக்கு, ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் கொத்தும் அலகும் கொண்ட ‘புலாஸ்கி’ என்ற கருவி மிகவும் பயன்படும். 1910-இல் அமெரிக்காவின் ஐடஹோ மலைக்காடுகளில் மூண்ட பெருந்தீயிலிருந்து தன் ஆட்களைச் சுரங்கம் ஒன்றுக்குள் அழைத்துச் சென்று காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயரால் அது வழங்குகிறது. அத்தகைய கருவிகள் சிலவற்றை வாங்க விரும்புகிறோம். கருவியை விடப் பெரிய செலவு கூலி. தன்னார்வலர்கள் மண் அள்ளலாம், கல் சுமக்கலாம். பாறாங்கல்லின் பெரும்பகுதியை மண்ணுக்குள் இறக்கி, மிதித்தால் அசையாதபடி பதிப்பது கைப்பழக்கம் உள்ளவர்களின் வேலை. அவர்களுக்கு முழுக்கூலி கொடுத்துத்தான் வேலை வாங்குவோம். சேவை என்ற பெயரில் ஒருவரின் உழைப்பைக் குறைந்த விலைக்கு வாங்க மாட்டோம்.

இரண்டாவது, ஓடையை ஒட்டிச் செல்லும் பாதை. அங்கே சிக்கல் சேறு. தேங்கிய சேற்றைச் சுற்றிப் போகும் ஒவ்வொருவரும் சேற்றின் அகலத்தை ஒரு காலடி கூட்டுகிறார்கள். செப்பனிட்டு முடியும்வரை தயவுசெய்து நடுவிலேயே மிதித்துப் போங்கள்; காலணியைக் கழுவிக்கொள்ளலாம். இரண்டு தாழ்வான இடங்களில் மிதிகற்கள் பதிக்கவும், நீர் ஊறும் ஓரிடத்தில் தரைக்கு மேல் நடைமேடை அமைக்கவும் திட்டமிட்டிருக்கிறோம். நுழைவாயிலில் காலணி துடைக்கும் தூரிகையும் வைக்கப்படும். அதைச் சிறிய விஷயமாக எண்ணிவிட வேண்டாம். நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரை ஒட்டிய வைட்டாக்கரே மலைத்தொடரில், கௌரி என்ற பெருமரங்களைக் கொல்லும் நோய்க்கிருமி மண்ணோடு ஒட்டிக் காலணிகள் வழியாகவும் பரவுவதால், 2018-இல் காட்டுப் பகுதிகளையே மூட வேண்டி வந்தது. மலைப்பாதை ஓட்டக்காரர்கள் உயிராக நேசித்த தடங்கள் அவை. சேறில்லாத தளமும் நடைமேடைகளும் அமைத்த பிறகுதான் அங்கே பாதைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன.

மூன்றாவது, மலையின் பின்புறத்தைச் சுற்றிவரும் நீண்ட பாதை. இதற்கான வேலை உயிர்காப்பு தொடர்பானது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

அந்தப் பக்கம் கைப்பேசிக்குச் சமிக்ஞை எட்டாத பள்ளத்தாக்குகள் உண்டு. அடர்ந்த மரக்கூரையும் செங்குத்தான பாறைச்சுவரும் சேர்ந்தால் ஜிபிஎஸ் காட்டும் இடமும் தள்ளிப்போகிறது. கால் முறிந்தவரின் நண்பர் உதவி தேடி ஓடிவந்து, “பெரிய பாறைக்கு அப்பால், ஓடைக்கு முன்னால்” என்று சொன்னால் மீட்கப்போகிறவர்கள் எங்கே தேடுவார்கள்? ஒவ்வொரு பிரிவிலும், இடையிலும், எண் பொறித்த கம்பங்கள் நட வேண்டும். அந்த எண் ஒன்றைச் சொன்னால் போதும். மரத்தில் ஆணி அடிக்கவோ பாறையில் வண்ணம் பூசவோ மாட்டோம், தனிக் கம்பங்கள்தான். மலைகளில் பல நாடுகளில் வழங்கும் ஆபத்துக் குறிப்பு கம்பத்திலேயே பொறிக்கப்படும்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில், ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு முறை. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் தர வேண்டும்.

பாதையின் நடுவில், கதவில்லாத சிறு தங்கிடம் ஒன்றும் அமைக்கப்போகிறோம். உள்ளே பூட்டாத பெட்டியில் உலர்ந்த போர்வைகள், முதலுதவிப் பொருள்கள், மடக்கும் ஸ்ட்ரெச்சர் ஆகியவை இருக்கும். இது தேவைதானா என்று சிலர் கேட்டார்கள். சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 172 பேர் கலந்துகொண்டார்கள். மெல்லிய உடையில் ஓடிக்கொண்டிருந்தவர்களை, வண்டி ஏற முடியாத உயரமான பகுதியில், திடீரென்று பனிமழையும் பலத்த காற்றும் சூழ்ந்தன. உடல் வெப்பம் இறங்கி 21 பேர் இறந்துபோனார்கள். நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். அதே மலையில் ஆடு மேய்க்கும் ஒருவர் ஆறு பேரை உயிரோடு மீட்டார். அவரிடம் இருந்தவை ஒரு குகையும், அதில் முன்பே சேர்த்து வைத்திருந்த துணிகளும் போர்வைகளும், மூட்டுவதற்குத் தீயும்தான். எங்கள் தங்கிடமும் அதற்கு மேல் எதுவும் இல்லை.

ஸ்ட்ரெச்சர் அங்கேயே இருக்க வேண்டியதற்கும் காரணம் உண்டு. கரடுமுரடான பாதையில் அடிபட்டவரைத் தூக்க ஒரே நேரத்தில் ஆறு பேர் வேண்டும். சிறிது தூரத்துக்கு ஒருமுறை மாற்ற வேறு ஆட்களும் வேண்டும். அவர்கள் வந்து சேரும்வரை காயமடைந்தவர் ஈரத் தரையில் கிடக்கக் கூடாது.

பணத்தைப் பற்றிய விவரம். வரும் தொகையில் முதல் உரிமை இந்தத் தங்கிடத்துக்கும் எண் கம்பங்களுக்கும். அடுத்தது முகட்டுப் பாதை. ஓடைப் பாதையின் நடைமேடை கடைசி. தொகை போதாவிட்டால் இந்த ஆண்டு மிதிகற்களோடு நிறுத்திக்கொள்வோம். பரிசு, பதக்கம், பனியன், விழா எதற்கும் இதிலிருந்து செலவு செய்ய மாட்டோம். நில உரிமையாளர்களும் வனத்துறையும் எழுத்து மூலம் அனுமதித்த வேலையை மட்டுமே தொடுவோம். ஒவ்வொரு காசோலையிலும் பொருளாளருடன் இன்னொரு உறுப்பினரும் கையொப்பமிடுவார். ரசீதுகளுடன் கூடிய வரவு செலவுக் கணக்கை நன்கொடையாளர் யார் கேட்டாலும் காட்டுவோம். மிஞ்சும் தொகை அடுத்த ஆண்டின் வடிகால் பராமரிப்புக்குப் போகும். நன்கொடையாளர்களின் பெயர்கள் ஆண்டுக் கணக்கறிக்கையில் இடம்பெறும். கல்லிலோ பலகையிலோ பெயர் பொறிக்கும் வழக்கத்தை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. காட்டுக்குள் எழுத்து எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது எங்கள் கருத்து.

பணம் தர இயலாதவர்கள் ஒரு நாள் உழைப்பைத் தரலாம். அமெரிக்காவில் 1974-இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவர், குதிரைகளுக்காக நடத்தப்பட்ட 100 மைல் மலைப் பந்தயத்தில் தனி ஆளாகக் காலால் ஓடி, 24 மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டினார். அதிலிருந்து பிறந்த வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில் இன்று பங்கேற்க விரும்புகிறவர் எட்டு மணி நேரத் தன்னார்வப் பணி செய்திருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இந்தப் பாதைகளில் வாரந்தோறும் ஓடுகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு நாளாவது மண்வெட்டி பிடிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறோம். பயன்படுத்தாத கருவிகள், கையுறைகள், நல்ல நிலையில் உள்ள போர்வைகள் ஆகியவற்றையும் ஏற்றுக்கொள்வோம்.

காலம் குறைவாக இருக்கிறது. மண்ணில் லேசான ஈரம் இருக்கும்போது வெட்டினால்தான் புதிய தளம் அமுங்கி இறுகும். முற்றிலும் காய்ந்துவிட்டால் பொடியாகிவிடும். பெருமழைக்குச் சற்று முன் வெட்டினால் இறுகுவதற்குள் அடித்துக்கொண்டு போய்விடும். எனவே தருவதாக எண்ணியிருப்பதை இந்த மாதத்துக்குள் தந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். தொகை சிறியதாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். பலர் சேர்ந்து தரும் சிறு தொகைகளை நம்பித்தான் இந்தத் திட்டத்தைத் தீட்டியிருக்கிறோம்.

குழுவின் வங்கிக் கணக்கு விவரம் மூன்று பாதைகளின் நுழைவாயில் அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டப்பட்டுள்ளது. பணமாகத் தருகிறவர்கள் பொருளாளரிடம் மட்டும் கொடுத்து, கையொப்பமிட்ட ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள். பாதையில் நின்று வசூல் செய்ய நாங்கள் யாரையும் நியமிக்கவில்லை.

இப்படிக்கு,
பாதைப் பராமரிப்புக் குழுவினர்