நீ பார்த்துக்கொண்டிருக்கும் 19 வயதுப் பையன்

அன்புள்ள கார்த்திக்,

"இந்தப் பையனைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் கொடுக்கணும்மா, எங்கே ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை" என்று நீ சொன்னதிலிருந்து எனக்கும் அதே யோசனைதான். ஸ்கவுட் வேலையில், அதாவது அணிக்கு ஆள் தேடும் வேலையில், பெயரைச் சொல்லக்கூடாது என்றாய், சரி, வேண்டாம். 19 வயது, ஒரே வருடக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம், நீளமான கை, தூரத்திலிருந்து போட்டால் விழுவதில்லை. எனக்கு இவ்வளவு போதும்.

எது மாறும், எது மாறாது என்று முதலில் பிரித்துக்கொள். கை நீளத்தை எந்தக் கோச்சும் தர முடியாது. வீச்சைத் திருத்தலாம். கவாய் லியனார்ட் சான் டியேகோ ஸ்டேட்டில் ஆடிய இரண்டு வருடமும் தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி வீச்சில் 30 சதவீதத்தைத் தொடவில்லை. அமெரிக்க என்.பி.ஏ. லீக்கின் அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில், 2011-இல் 15-ஆவது ஆளாகத்தான் போனார். எடுத்த இந்தியானா அணி அன்றிரவே அவரை சான் அன்டோனியோவுக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் விரித்தால் ஏழடிக்கு மேல் கை, எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் ஏறக்குறைய நான்குக்கு மூன்று. 2014 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். கல்லூரி சீசனில் முப்பத்துச் சொச்சம் ஆட்டம். பத்துப் பந்து வளையத்தில் பட்டுத் திரும்பினாலே மூன்று புள்ளிக் கணக்கு தலைகீழாகிவிடும். அதைப் பார்த்து மிரளாதே, ஃப்ரீ த்ரோவைப் பார். யாரும் மறிக்காத இடத்தில் கை எப்படிப் போகிறதோ, அதுதான் அவனுடைய உண்மையான வீச்சு.

உடம்பு பலமும் பெரும்பாலும் மாறுகிற விஷயம்தான். 2007-இல் டிராஃப்டுக்கு முந்தின சோதனையில் கெவின் டுரான்ட் 185 பவுண்டு எடையை ஒரு தடவைகூடத் தூக்க முடியாமல் விட்டதைப் பெரிய குறையாகப் பேசினார்கள். கல்லூரியில் சராசரி 25 புள்ளிக்கு மேல் போட்ட பையனைப் பற்றி!

அந்த வருடம் போர்ட்லாந்து அணி டுரான்ட்டை விட்டுவிட்டு முதலில் எடுத்தது கிரெக் ஓடனை. முழங்கால் அவரை விடவில்லை, மொத்தமே 105 ஆட்டம்தான் ஆடினார். அதே போர்ட்லாந்து 1984-இல் மைக்கேல் ஜோர்டனை விட்டுவிட்டு சாம் போவியை எடுத்தது. இரண்டையும் ஒரே முட்டாள்தனம் என்று எழுதுகிறவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடன் கல்லூரியில் எல்லோரையும் அடக்கி ஆடிய பையன், அந்த இடத்தில் பலரும் அவரையேதான் எடுத்திருப்பார்கள். போவி விஷயம் வேறு. காலில் அடிபட்டுக் கல்லூரியிலேயே முழுதாக இரண்டு சீசன் உட்கார்ந்திருந்தவர். முந்தின வருடம் எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர் ஜோர்டன் ஆடும் இடத்தில் ஏற்கெனவே இருந்தார், அணிக்கு வேண்டியது வளையத்தடியில் ஆடும் உயரமான ஆள், சென்டர். இன்றைக்கு இருக்கும் ஓட்டையை அடைக்க ஆள் தேடினார்கள். நீ எழுதும்போது உங்கள் அணிக்கு யார் தேவை என்பதைத் தனிப் பக்கத்தில் வை. பையனைப் பற்றிய பக்கத்தில் அது கலக்கவே கூடாது.

அப்புறம், பந்து கைக்கு வருமுன் அவன் கண் எங்கே போகிறது என்று பார். நிகோலா யோகிச் 2014-இல் 41-ஆவது ஆள். டென்வர் அவர் பெயரை அறிவித்தபோது டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது! கொழுகொழுவென்று இருப்பார், பெரிதாகக் குதிக்கவும் மாட்டார். ஆனால் அடுத்து யார் எங்கே வெட்டி ஓடுவார்கள் என்று அவருக்கு முன்னமே தெரியும். மூன்று தடவை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆகிவிட்டார். இது டிராஃப்டுக்கு முன் பையன்களை அளந்து சோதிக்கும் சிகாகோ காம்பைனில் அளக்கிற டேப்பில் வராது. அங்கே நடக்கும் நேர்காணலையும் ரொம்ப நம்பாதே. அது பெண் பார்க்கப் போவது மாதிரி, எல்லோரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள்.

வெறும் உயரத்துக்கு மதிப்பெண் போடாதே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015-இல் நம் நாட்டுப் பையன் சத்னம் சிங்கை டல்லாஸ் 52-ஆவதாக எடுத்தபோது நம் வீட்டில் இனிப்பு வாங்கினோமே. ஏழடி இரண்டங்குலம். லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. ஆட்டமே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. வளையத்தடியில் நிற்கிற பெரிய ஆளுக்கு அங்கே இடம் குறைந்துகொண்டே வந்தது.

பி.டி. டீச்சராக இருந்தவரை பள்ளி அணிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, வெளியே எடுத்த பெண் பெஞ்சில் என்ன செய்கிறாள் என்றுதான் முதலில் பார்ப்பேன். தண்ணீர் குடித்துக்கொண்டே ஆட்டத்தைப் பார்க்கிறாளா, கேலரியில் அம்மாவைத் தேடுகிறாளா? உனக்கு டிவி கேமரா இதைக் காட்டாது, அரங்கத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

வயதை எழுத மறக்காதே. 22 வயதுக்காரன் 19 வயதுப் பிள்ளைகளுக்கு எதிராக 20 புள்ளி போடுவதும், இவன் போடுவதும் ஒன்றில்லை. மற்ற ஸ்கவுட்டுகள் என்ன சொல்கிறார்கள் என்று படிக்குமுன் உன் இரண்டு பக்கத்தையும் முடித்துத் தேதி போட்டுவிடு.

டிராஃப்ட் தொடங்கும்போது நமக்கு விடிகாலை ஐந்தரை. நானும் அப்பாவும் காபியோடு உட்கார்ந்திருப்போம். நீ சொல்லாவிட்டாலும் அந்தக் கையைப் பார்த்தே யாரென்று கண்டுபிடித்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா