மூன்று நகலிலும் என் கையெழுத்து

அம்மாடி,

சாப்பிட்டாயா? தினமும் அம்மாவிடம் பேசுகிறாய், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், தெரியும்தானே. அந்தக் குண்டுவெடிப்பு கேஸில் பிடிபட்டவனுக்கு நீ வக்கீலாக நிற்பதால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னதுகூட அம்மா சொல்லித்தான் தெரிந்தது. வேறு வீடு கிடைக்கிறவரை கோர்ட்டிலிருந்து ராத்திரி தனியாக வராதே. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

அன்றைக்கு போனில் "குண்டு வச்சவனுக்கு வக்கீல் ஒரு கேடா" என்று கேட்டேனே, கோபத்தில் வாய் தவறியது என்று சொல்ல மாட்டேன், நம்பித்தான் கேட்டேன். "வச்சவன்னு உங்களுக்கு யாருப்பா சொன்னது" என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். நல்ல கேள்விதான். ஆனால் பெற்றவனிடம் போனைப் பட்டென்று வைப்பது நல்ல பழக்கமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குற்றம் நிரூபணமானால் கடுமையாகத் தண்டிக்கணும், அதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை. செத்தவர்கள் வீட்டுக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டாமா? ஆனால் பார், மும்பைத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட கசாப் துப்பாக்கியோடு நிற்கிற படத்தை உலகமே பார்த்தது. அவனுக்கே வக்கீல் வைத்து, உச்ச நீதிமன்றம் வரை கேட்டுத்தான் 2012-ல் தூக்கில் போட்டார்கள். அதே வழக்கில் அவனோடு நிறுத்திய இந்தியர்கள் இரண்டு பேரை ஆதாரம் போதாது என்று விட்டார்கள். ஆத்திரத்தில் மூன்று பேரையும் சேர்த்து முடித்திருந்தால்?

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ல் பூந்தமல்லி தடா கோர்ட் (அப்போதிருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்தான் தடா) 26 பேருக்கும் தூக்கு என்றபோது டிவி முன்னால் கை தட்டியவன் நான். மறு வருஷமே உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. அந்தச் செய்தி வந்த அன்று பேப்பரைப் புரட்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

இப்போது பயங்கரவாத வழக்குகளில் போடுகிற உபா சட்டத்தில் 43டி பிரிவு பற்றி அம்மாவுக்கு நீ விளக்கியது ஸ்பீக்கரில் காதில் விழுந்தது. அந்தம்மாவுக்கு என்ன புரிந்ததோ, எனக்குப் புரிந்தது. போலீஸ் கொடுத்த காகிதத்தைப் பார்த்து குற்றச்சாட்டு உண்மைபோலத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது, குற்றப்பத்திரிகைக்கே கோர்ட் அனுமதித்தால் 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். போலீஸ் காகிதம் என்று நீ சொன்னதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நீ பிறப்பதற்கு முன்னால், தடா இருந்த காலம். எங்கள் ஆபீசுக்குப் பக்கத்து லாட்ஜில் ஒரு பையனைப் பிடித்தார்கள். மறுநாள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு மகஜரில், அதாவது சாட்சி முன்னால் என்னென்ன கைப்பற்றினோம் என்று போலீஸ் எழுதுகிற காகிதத்தில், சாட்சிக் கையெழுத்து போடச் சொன்னார்கள். அரசு உத்தியோகம், மாட்டேன் என்று சொல்ல பயம். கார்பன் வைத்து மூன்று நகல். ஏட்டு உள்ளங்கையால் மேலே எழுதியிருந்ததை மறைத்துக்கொண்டு, போட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டினார். அறையிலிருந்து ஒயரும் டைரியும் எடுத்ததாக எழுதியிருந்தது எனக்கு கோர்ட்டில் படித்தபோதுதான் தெரியும். அந்த அறைக்குள் நான் கால் வைத்ததே இல்லை. கூண்டில் ஏறி, "என் முன்னிலையில்தான் எடுத்தார்கள்" என்றேன். அவனுடைய வக்கீல் இரண்டே கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பையன் முறைப்பான் என்று நினைத்தேன், தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் செய்தானா இல்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் அன்றைக்கும் சொல்லியிருக்கணும். எத்தனை வருஷம் உள்ளே இருந்தான் என்று விசாரிக்கக்கூட இல்லை. அம்மாவுக்கு இது தெரியாது, சொல்லாதே.

பேப்பரில் உன் வாதத்தை நாலு வரி போட்டிருந்தார்கள், பேர் போடவில்லை. அப்புறம் என்ன பேப்பர்! வெட்டி வைத்திருக்கிறேன்.

உன் கேஸில் மகஜர் சாட்சிகள் எத்தனை பேர்? என்னை மாதிரி அரசு வேலைக்காரன் ஒருத்தன் கூண்டில் ஏறினால் சீக்கிரம் உட்கார்ந்துவிடாதே. அறைக்கு எத்தனை ஜன்னல் என்று கேள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ராத்திரி தனியாக வராதே. நாளைக்கு நானே கூப்பிடுகிறேன், எடு.

அப்பா